12 பேர், 200 நிமிடம்: மே மாத லீக்கில் யாருக்கு எவ்வளவு?

மஞ்சக்குப்பம் கோர்ட் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் கூடைப்பந்து அணி ஒண்ணுக்கு இந்த வருஷம் நான்தான் கோச். சம்பளத்துக்கு ஆடுற பசங்க. பத்து பேர் மாச ஒப்பந்தம், ரெண்டு பேர் மேட்ச் கணக்குல காசு வாங்குற கெஸ்ட். மே மாசம் புதுச்சேரியில ஒரு அழைப்புப் போட்டி. அஞ்சு அணி, ஒவ்வொரு அணிக்கும் நாலு லீக் ஆட்டம், முதல் ரெண்டு இடத்துல வர்றவங்களுக்கு ஆறாவது நாள் ஃபைனல். நடுவுல ஒரு நாள் நமக்கு ஆட்டம் கிடையாது. திறந்தவெளி சிமெண்ட் கோர்ட், சாயங்காலம் ஃப்ளட்லைட். ஃபிபா (உலகக் கூடைப்பந்து அமைப்பு) விதி, 10 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர்.

இதுவரைக்கும் பழக்கம் என்னன்னா, முதல் அஞ்சு பேருக்கு தலைக்கு 35 நிமிஷம். அதுலயே 175 போயிடுது. மிச்சம் இருக்கிற 25 நிமிஷத்தை ஏழு பேர் பிச்சுக்கணும். மூணாவது ஆட்டம் வரும்போது நாலாவது குவார்ட்டர்ல யாருக்கும் கால் இல்ல. ஷாட் எல்லாம் ரிம்மோட (கூடை வளையத்தோட) முன்பக்கத்துல இடிக்குது. டிஃபென்ஸ்ல ஒரு அடி லேட்டா போய் ஃபவுல் வாங்குறாங்க. பெஞ்சுல இருந்து இறங்குறவனுக்கு உடம்பு சூடாகறதுக்குள்ள திரும்ப உட்காரச் சொல்ற நிலைமை.

எத்தனை பேரை ஆட வைக்கணும்? யாரை எப்ப எடுக்கணும்னு முன்கூட்டியே எழுதி வைக்க முடியுமா, இல்ல ஆட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணுமா? முதல் குவார்ட்டர்லயே ரெண்டு ஃபவுல் வாங்கிட்டா என்ன செய்யறது? அனுபவம் உள்ளவங்க எண்ணிக்கையோட சொன்னா உதவியா இருக்கும்.

உப்பளம் பயிற்சியாளர்:

வணக்கம் சார். முதலில் கணக்கைச் சரி செய்துகொள்ளலாம். நமக்கு 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆக 200. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் 48 நிமிடம், ஆக 240. டிவியில் ஒரு நட்சத்திரம் 36 நிமிடம் ஆடுவதைப் பார்த்துவிட்டு இங்கேயும் 36 கொடுத்துவிடுகிறார்கள். 48-ல் 36 என்பது முக்கால் பங்கு. நம் ஆட்டத்தில் அந்த முக்கால் பங்கு 30 நிமிடம்தான். நீங்கள் கொடுக்கும் 35, அங்கே 42 நிமிடத்துக்குச் சமம். அதை வாரத்துக்கு மூன்று நான்கு ஆட்டம் என்று யாரிடமும் அவர்கள் கேட்பதில்லை.

1961-62 சீசனில் வில்ட் சேம்பர்லின் சராசரி 48.5 நிமிடம் ஆடினார். ஓவர்டைமும் சேர்ந்ததால் 48-ஐயே தாண்டியது. அது ஒரே ஒரு மனிதரின் கணக்கு. 2013-14 சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியைப் பாருங்கள். ஒருவர்கூடச் சராசரியில் 30 நிமிடத்தைத் தொடவில்லை. லீக்கில் 62 வெற்றி, ஃபைனலில் மயாமியை 4-1 என்று வென்றார்கள். டங்கன், பார்க்கர், ஜினோபிலி மூவருமே 30 வயதைத் தாண்டியவர்கள். பயிற்சியாளர் பாபோவிச் அவர்களுடைய கால்களை ஃபைனல் நடக்கும் ஜூன் மாதத்துக்காகச் சேமித்து வைத்தார். நீங்கள் சேமிக்க வேண்டியது ஆறாவது நாளுக்காக.

உங்கள் அணிக்கு ஒன்பது பேர் சுழற்சி போதும். ஜெர்ஸி எண்களை வைத்து எழுதுகிறேன், உங்கள் ஆட்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தொடங்கும் ஐவர்: 4 பாயிண்ட் கார்டு, 7 ஷூட்டிங் கார்டு, 9 விங், 11 பவர் ஃபார்வர்டு, 14 சென்டர். பெஞ்சிலிருந்து 5 கார்டு, 6 ஷூட்டர், 8 விங், 12 உயரமான ஆள். கடிகாரம் 10:00-லிருந்து கீழே இறங்கும் கணக்கில்:

முதல் குவார்ட்டர்
10:00 – 5:00 → 4, 7, 9, 11, 14
5:00 – 2:00 → 4, 7, 8, 11, 12
2:00 – 0:00 → 5, 7, 8, 9, 12

இரண்டாம் குவார்ட்டர்
10:00 – 7:00 → 5, 6, 8, 9, 14
7:00 – 4:00 → 4, 5, 8, 11, 14
4:00 – 0:00 → 4, 7, 9, 11, 12

மூன்றாவது குவார்ட்டர் முதல் குவார்ட்டரைப் போலவே. நான்காவதில் 7:00 வரை 5, 6, 8, 9, 12. பிறகு 5:00 வரை 4, 5, 8, 11, 14. கடைசி ஐந்து நிமிடம் தொடங்கிய அதே ஐவர்.

கூட்டினால் 4-க்கும் 11-க்கும் 30, 7-க்கும் 9-க்கும் 29, 14-க்கு 23, 8-க்கு 21, 12-க்கு 17, 5-க்கு 15, 6-க்கு 6. மொத்தம் 200. எப்போது எழுதினாலும் இந்தக் கூட்டல் 200 வருகிறதா என்று பார்த்துவிட்டே ஆட்டத்துக்குப் போங்கள். வராவிட்டால் எங்கோ களத்தில் நால்வரோ ஆறு பேரோ நிற்கிறார்கள்.

இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டியது நிமிடத்தைவிட இடைவெளி. 4-ஆம் எண் 2:00-க்கு வெளியே வருகிறார். குவார்ட்டர் இடைவேளை 2 நிமிடம், அடுத்த குவார்ட்டரில் 3 நிமிடம். கடிகாரத்தில் 5 நிமிடம்தான் இழந்தார். ஆனால் ஃப்ரீ த்ரோவும் நடுவர் விசிலும் சேர்ந்து, உண்மையில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பார். குவார்ட்டர் முடிவை ஒட்டி எடுப்பதுதான் மலிவான ஓய்வு. நடு குவார்ட்டரில் ஒரு நிமிடம் எடுத்துவிட்டு மறுபடி இறக்கினால் உடம்பு ஆறிப்போகும், மூச்சும் மீளாது.

இரண்டாவது விஷயம், ஐவரையும் ஒட்டுமொத்தமாக மாற்றாதீர்கள். ஒரே நேரத்தில் இருவர், மிஞ்சினால் மூவர். மேலே உள்ள ஒவ்வொரு வரிசையிலும் பந்தை அரைக்கோடு தாண்டிக் கொண்டுவர ஒருவர் இருக்கிறார், அதாவது 4 அல்லது 5. தானாகவே ஸ்கோர் எடுக்கக்கூடியவர் ஒருவராவது 4, 7, 9, 11 இவர்களில் இருக்கிறார். ஐந்து புதியவர்களை ஒன்றாக இறக்கினால் எதிரணி ஃபுல் கோர்ட் பிரஸ் (களம் முழுக்க நெருக்கிப் பிடிக்கும் டிஃபென்ஸ்) போடும், இரண்டு நிமிடத்தில் எட்டு பாயிண்ட் போய்விடும். அந்தப் பதற்றத்தில்தான் கோச் களைத்த ஐவரையே திரும்ப இறக்கிவிடுகிறார். உங்கள் 175 நிமிடக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் உருவாகியிருக்கும்.

மூன்றாவது, பெஞ்சிலிருந்து இறங்குபவருக்குக் குறைந்தது 3 நிமிடம். மூன்று நிமிடத்தில் நம் அணிக்குப் பந்து ஐந்தாறு முறைதான் வரும். ஒன்றரை நிமிடத்தில் இரண்டு மூன்று முறை. அதில் ஒரு பாஸ் தவறியது என்று எடுத்துவிட்டால், அடுத்த முறை இறங்கும்போது அவர் ஷாட் எடுக்கவே மாட்டார். பந்து கையில் வந்தவுடன் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார். ஒரு தவறுக்காக எடுக்க வேண்டியது ஒரே வகைதான்: டிஃபென்ஸில் திரும்பி ஓடாமல் நடந்து வருபவர்.

மேசைப் பக்கம்:

சார் எழுதின அட்டவணை நல்லா இருக்கு. ஆனா 5:00-ன்னு எழுதினா 5:00-க்கு மாத்த முடியாது. அங்கதான் நிறைய அணி கோட்டை விடுறாங்க. டேபிள் அஃபிஷியல் (ஸ்கோரும் கடிகாரமும் பார்க்கிறவங்க) பக்கம் இருந்து பார்க்கிற விஷயத்தைச் சொல்றேன்.

ஃபிபா விதியில பந்து டெட் ஆகி, கடிகாரம் நின்னு, நடுவர் டேபிள்கிட்ட சைகை காட்டி முடிச்சாதான் சப் (ஆள் மாத்தற) வாய்ப்பு. கூடை விழுந்ததுக்கு அப்புறம் கடிகாரம் நிக்காது, அதனால மாத்த முடியாது. நாலாவது குவார்ட்டர்லயும் ஓவர்டைம்லயும் கடைசி 2:00-க்குள்ள மட்டும் கூடை விழுந்தா கடிகாரம் நிக்கும், அப்பவும் கூடையை விட்டுக்கொடுத்த அணிதான் முதல்ல கேட்கலாம். ரெண்டு அணியும் ஃபவுல் இல்லாம ஓடி ஆடினா ரெண்டு நிமிஷம் வரைக்கும்கூட வாய்ப்பே கிடைக்காது. அதனால 5:00-க்கு எடுக்கணும்னா 5:40-க்கே ஆளை டேபிள் பக்கத்து நாற்காலிக்கு அனுப்பிடுங்க.

சப் கேட்க வேண்டியது இறங்கப் போற ஆட்டக்காரர்தான். கோச் பெஞ்சுல இருந்து கத்தினா ஸ்கோரர் பஸர் அடிக்க மாட்டார். ஆட்டக்காரர் ஜெர்ஸி போட்டுத் தயாரா வந்து, ஸ்கோரர் கிட்ட சொல்லிட்டு, நாற்காலியில காத்திருக்கணும். வார்ம்-அப் டி-ஷர்ட்டைக் கழட்டிக்கிட்டே ஓடி வர்றதுக்குள்ள பந்து த்ரோ-இன் போடறவர் கைக்குப் போயிடும். அத்தோட வாய்ப்பு முடிஞ்சுது, இன்னொரு டெட் பால் வரைக்கும் களைச்ச ஆளேதான்.

ஃப்ரீ த்ரோ சமயத்துல இன்னும் கவனம் வேணும். முதல் ஷாட்டுக்குப் பந்து கைக்குப் போறதுக்கு முன்னாடி மாத்தலாம். இல்லன்னா கடைசி ஷாட் உள்ள விழுந்த பிறகு. கடைசி ஷாட் தவறி ரீபவுண்ட் போனா ஆட்டம் ஓடிடும், சப் நடக்காது. அதனால ஃபவுல் விசில் கேட்ட உடனே ஆள் எழுந்திருக்கணும்.

இன்னொண்ணு, வெளிய வந்தவர் உடனே திரும்ப இறங்க முடியாது. கடிகாரம் ஓடி, அடுத்த டெட் பால் வரணும். கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் விழுந்தா பெஞ்சுல இருந்து ஸ்ப்ரேயைத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடாதீங்க. பெஞ்சுல இருந்து யார் போய்த் தொட்டு உதவி பண்ணினாலும் அந்த ஆட்டக்காரரை எடுத்தே ஆகணும். தானா எழுந்திரிச்சா ஆட விட்டுடலாம்.

என்பிஏவுல கட்டாய டைம்-அவுட் இருக்கு. ஒவ்வொரு குவார்ட்டர்லயும் 7 நிமிஷத்துக்கும் 3 நிமிஷத்துக்கும் கீழ வர்ற முதல் நிறுத்தத்துல, அதுவரைக்கும் யாரும் கேட்காம இருந்தா, தானா விழும். அவங்க சுழற்சி எல்லாம் அந்த நேரத்தை ஒட்டியே ஓடுறது அதனாலதான். நமக்கு அது கிடையாது. முதல் பாதியில 2, ரெண்டாம் பாதியில 3 டைம்-அவுட், அதுலயும் நாலாவது குவார்ட்டர் கடைசி 2:00-க்குள்ள ரெண்டுதான் எடுக்கலாம். மூணையும் கடைசிக்குச் சேர்த்து வெச்சா ஒண்ணு வீணாப் போகும். அந்த ஒண்ணை மூணாவது குவார்ட்டர்லயே ஓய்வுக்காக எடுத்துடுங்க.

கடைசியா, எங்க ஸ்கோர் ஷீட்டுல யார் எத்தனை நிமிஷம் ஆடினாங்கன்னு இருக்காது. முதல் தடவை உள்ள வந்தவர் பேருக்கு நேரா ஒரு பெருக்கல் குறி விழும், அவ்வளவுதான். நிமிஷக் கணக்கு உங்க வேலை. ஒரு கிராஃப் நோட்டு எடுத்துக்கங்க. இடது பக்கம் மேலிருந்து கீழே 12 எண், குறுக்கே 40 கட்டம், பத்துக்கு ஒரு தடிச்ச கோடு. ஆடற ஆளுக்கு நேரா பென்சில்ல கோடு இழுத்துக்கிட்டே வரணும். பாதி நிமிஷத்துல மாறினா பாதிக் கட்டம். எந்தக் கட்டத்தை மேலிருந்து கீழே எண்ணினாலும் அஞ்சு கோடு இருக்கணும். இந்த வேலையை உதவி கோச்சுக்குக் கொடுக்காதீங்க, அவர் ஆட்டத்தைப் பார்த்து நின்னுடுவார். காயத்துல இருக்கிற ஆட்டக்காரர் ஒருத்தர் இருந்தா அவர்தான் சரியான ஆள்.

நெய்வேலி பிசியோ:

அட்டவணையில் எனக்கு இரண்டு இடம் உறுத்துகிறது. 7-ஆம் எண் முதல் குவார்ட்டர் முழுக்க 10 நிமிடம் ஒரே மூச்சில் ஆடுகிறார். 8-ஆம் எண் 5:00-க்கு இறங்கி அடுத்த குவார்ட்டர் 4:00 வரை, நடுவில் இடைவேளை இருந்தாலும், 11 நிமிடம். ஏசி அரங்கில் இது பரவாயில்லை. கத்திரி வெயில் காலத்தில் புதுச்சேரி சிமெண்ட் கோர்ட்டில் தாங்காது.

சாயங்காலம் வெயில் இறங்கிவிட்டது என்று நினைக்கிறோம். பகல் முழுக்கச் சூடேறிய சிமெண்ட் இருட்டிய பிறகும் கீழிருந்து அனல் அடிக்கும். புறங்கையைத் தரையில் வைத்தால் தெரிந்துவிடும். கடல் காற்று வீசும்போது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் ஈரப்பதம் அதிகம். வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருந்தால் உடம்பு குளிராது. வியர்வை காய்ந்து ஆவியாகும்போதுதான் சூடு வெளியேறுகிறது. இந்த மாதிரி மாலையில் ஒரு கார்டு மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை வியர்வை இழக்கலாம்.

அதனால் யாரையும் கடிகாரத்தில் 8 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து வைக்காதீர்கள். அட்டவணையில் சின்னத் திருத்தம் போதும். முதல், மூன்றாம் குவார்ட்டரில் 4:00-லிருந்து 2:00 வரை 7-க்குப் பதில் 6. அந்த இரண்டு நிமிடத்தை 7-க்குத் திருப்பிக் கொடுக்க, இரண்டாவது குவார்ட்டரில் 6:00-க்கும் நான்காவதில் 7:00-க்கும் 5-ஐ எடுத்துவிட்டு அவரை இறக்குங்கள். இரண்டாவது, நான்காவது குவார்ட்டர் தொடக்கத்தில் 7:00 வரை 8-க்குப் பதில் பத்தாவது ஆள், 10-ஆம் எண் ஃபார்வர்டு என்று வைத்துக்கொள்வோம். இப்போது 7-க்கு அதே 29, 5-க்கு 11, 6-க்கு 10, 8-க்கு 15, 10-க்கு 6. மற்றவர்களுக்கு மாற்றமில்லை, மொத்தமும் 200-தான். லீக் ஆட்டங்களில் இந்தப் பத்துப் பேர் கணக்கு. ஃபைனலில் வேண்டுமானால் ஒன்பதுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

ஓய்வு என்றால் சும்மா உட்காருவது இல்லை. பெஞ்சுக்கு வந்தவுடன் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டு கழுத்திலும் முன்கையிலும். 150–250 மில்லி தண்ணீர், மடமடவென்று ஒரு பாட்டில் இல்லை. ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டரில் முழுதாகக் கரையுங்கள். அரை பாக்கெட், கால் பாக்கெட் என்று கண்ணளவில் போட்டால் உப்பின் அளவு தப்பிவிடும். உப்புப் போட்ட மோரும் நல்லது, ஆனால் ஆட்டத்துக்கு முன்போ பின்போ குடிக்கட்டும். வெறும் தண்ணீரை மட்டுமே லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் சோடியம் குறையும், அதுவும் ஆபத்து.

ஒரு எடை மெஷின் வாங்குங்கள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, காய்ந்த ஷார்ட்ஸில் ஏறச் சொல்லுங்கள். 72 கிலோ ஆள் ஒன்றரை கிலோ குறைந்திருந்தால் அது 2 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, அந்த அளவில் ஓட்டமும் முடிவெடுக்கும் திறனும் இறங்கும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அன்று இரவுக்குள் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் திரும்பப் போக வேண்டும். மறுநாள் காலை எடை பழைய நிலைக்கு வராதவருக்கு அன்று நிமிடத்தைக் குறையுங்கள். அவர் "நல்லா இருக்கேன் கோச்" என்றுதான் சொல்வார். மெஷின் சொல்வதைக் கேளுங்கள்.

களைப்பைக் கண்ணால் பிடிக்க: ஃப்ரீ த்ரோ நேரத்தில் இரண்டு கையும் முழங்காலில், ஷார்ட்ஸ் ஓரத்தைப் பிடித்துக் குனிந்து நிற்பது, நீங்கள் சொன்ன அந்த ரிம் முன்பக்க ஷாட். ஆனால் யாராவது பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, இடம் புரியாமல் விழித்தாலோ அது களைப்பு இல்லை. உடனே எடுத்து, ஜெர்ஸியைக் கழற்றி, உடம்பெல்லாம் ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

நார்த் கரோலைனா கல்லூரி அணியின் பயிற்சியாளர் டீன் ஸ்மித் ஒரு வழக்கம் வைத்திருந்தார். களைத்தவர் முஷ்டியை உயர்த்திக் காட்டினால் எடுத்துவிடுவார். அப்படித் தானே கேட்டு வெளியே வந்தவர், மூச்சு வந்ததும் தானே சொல்லித் திரும்ப இறங்கலாம். திரும்ப இறங்குவது உறுதி என்று தெரிந்தால்தான் ஆட்டக்காரர் உண்மையைச் சொல்வார். சம்பளத்துக்கு ஆடுபவர்களிடம் இது இன்னும் அவசியம்.

ஸ்டாட்ஸ் நோட்டு:

ஃபவுல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. அஞ்சு ஃபவுல் ஆனா ஆள் அந்த ஆட்டத்தை விட்டே வெளிய, அந்தப் பயம்தான். "ரெண்டு ஃபவுல் வந்தா ஹாஃப் டைம் வரைக்கும் உட்கார வை"ங்கிறது பழைய வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்க. 11-ஆம் எண் முதல் குவார்ட்டர் 6:00-க்கு ரெண்டாவது ஃபவுல் வாங்குறார். முதல் பாதியில அவருக்கு 15 நிமிஷம் எழுதியிருக்கு, ஆடினது 4. உட்கார வெச்சா 11 நிமிஷம் நிச்சயமா போச்சு. ஆட விட்டு, அவர் நாலாவது குவார்ட்டர் 5:00-ல அஞ்சாவது ஃபவுல்ல வெளிய போனாக்கூட இழப்பு 5 நிமிஷம்தான். நடக்கலாம்ங்கிற இழப்புக்குப் பயந்து நிச்சயமான இழப்பை நாமே வாங்கிக்கிறோம்.

அதனால ரெண்டாவது ஃபவுலுக்கு, அட்டவணையில அவருக்கு வர்ற ஓய்வை முன்னாடி இழுத்துக்கங்க. 6:00-க்கு எடுங்க, ரெண்டாவது குவார்ட்டர் ஆரம்பத்துல இறக்கிடுங்க. இறக்கும்போது எதிரணியில ரிம்முக்கு ஓட்டமா வர்ற ஆளை அவர் காவல்ல விடாதீங்க, மூலையில நிக்கிற ஷூட்டரைக் கொடுங்க. இல்லன்னா ஒரு நாலு நிமிஷம் 2-3 ஜோன் (ஆளைக் காக்காம இடத்தைக் காக்கிற டிஃபென்ஸ்). ஹாஃப் டைமுக்குள்ள மூணாவது வந்தா, அப்ப உட்காரட்டும். மூணாவது குவார்ட்டர்ல நாலாவது வந்தா, கடைசி குவார்ட்டர் 6:00 வரைக்கும். ரீபவுண்டுல முதுகுல கை வெச்சு வெச்சு ஃபவுல் வாங்குற பழக்கம் உள்ளவருக்கு இந்தக் கணக்கு ஓடாது, அவரைப் பழைய வழக்கப்படியே வைங்க.

பிளஸ்-மைனஸ் (ஒருத்தர் களத்துல இருக்கிறப்ப நாம எடுத்த பாயிண்டுல எதிரணி எடுத்ததைக் கழிச்ச கணக்கு) பார்த்து நிமிஷம் பிரிக்கிறவங்க இப்ப நிறைய. நாலு ஆட்டத்துல ஒருத்தர் களத்துல இருந்தப்ப +9, இன்னொருத்தர் −7ன்னா அதுல ஒண்ணுமே இல்ல. மூணே மூணு 3-பாயிண்ட் ஷாட் திசை மாறினா எண்ணிக்கை தலைகீழ். அதைவிட, அவர் இருக்கிறப்ப எதிரணிக்கு லே-அப் (கூடைக்குக் கிட்டப் போய்ப் போடற ஷாட்) எத்தனை கிடைச்சுது, நாம எத்தனை டர்ன்ஓவர் போட்டோம் (பந்தைப் பறிகொடுத்தோம்), இந்த ரெண்டையும் எண்ணுங்க. அஞ்சு ஆட்டத்துலயே இது ஏதாவது சொல்லும்.

ஆட்டம் கையில இருக்கும்போது முதல் அஞ்சு பேரை எடுக்காம வைக்கிறதுக்கு எல்லாரும் சொல்ற காரணம் பாயிண்ட் வித்தியாசம். லீக் விதியை ஒரு தடவை படிங்க. ஃபிபா முறையில ரெண்டு அணி சமமா நின்னா, முதல்ல பார்க்கிறது அந்த ரெண்டு அணிக்குள்ள நடந்த ஆட்டம். மூணு அணி சமம்னா, அந்த மூணு பேருக்குள்ள நடந்த ஆட்டங்களோட வெற்றி, அப்புறம் அந்த ஆட்டங்களோட வித்தியாசம். மொத்த லீக்கோட வித்தியாசம் அதுக்கெல்லாம் பிறகுதான். கடைசி இடத்துல இருக்கிற அணியை 20-க்குப் பதிலா 35 பாயிண்ட்ல ஜெயிச்சா பெரும்பாலும் ஒரு பலனும் இல்ல. போட்டிக் குழு வேற விதி வெச்சிருந்தா முதல் நாளே எழுத்துல வாங்கிக்கங்க.

2012 ஏப்ரல் 28, சிகாகோ புல்ஸ் – பிலடெல்பியா, பிளேஆஃப் முதல் ஆட்டம். ஒன்றரை நிமிஷத்துக்கும் குறைவா பாக்கி, சிகாகோ 12 பாயிண்ட் முன்னிலை. டெரிக் ரோஸ் இன்னும் களத்துல. முழங்கால் தசைநார் கிழிஞ்சு அந்த சீசனும் அடுத்த சீசனும் போச்சு. எந்த நிமிஷத்துலயும் நடந்திருக்கக்கூடிய காயம்தான், ஆனா அந்த நிமிஷம் அவர் ஆட வேண்டியிருந்துதாங்கிற கேள்வி இன்னிக்கும் தீரல. நாலாவது குவார்ட்டர் 5:00-ல 20 பாயிண்ட் முன்னிலைன்னா எடுத்துடுங்க. 3:00-ல 15. திரும்ப இறக்கலாம்ங்கிற எண்ணத்தோட எடுக்காதீங்க, ஆறின காலோட இறங்குறதுதான் ஆபத்து.

மஞ்சக்குப்பம் கோர்ட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பத்துப் பேர் அட்டவணையை அப்படியே எடுத்துக்கிறேன். கிராஃப் நோட்டு, எடை மெஷின் ரெண்டும் இந்த வாரமே வாங்கிடறேன். ஒரு சந்தேகம் பாக்கி. ரெண்டு கெஸ்ட்டும் 4-ஆவதும் 11-ஆவதும் எண் இடத்துல ஆடறவங்க. 35 ஆடினவங்களை 30-க்கு இறக்கினா முகம் சுளிப்பாங்க. அட்டவணையில வராத கடைசி ரெண்டு பேருக்கு ஒரு நிமிஷமும் இல்ல. இதை எப்படிச் சொல்றது? அந்த ஓய்வு நாள்ல என்ன பண்ணலாம்?

உப்பளம் பயிற்சியாளர்:

பிசியோ சொன்ன திருத்தம் சரி, என் அட்டவணையைவிட அது நல்லது. ஃபவுல் கணக்கிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒன்று மட்டும்: மூன்றாவது ஃபவுலோடு சென்டரை ஜோனில் நிறுத்தினால் அவர் கையைத் தூக்கவே பயப்படுவார். 14-க்கு அப்படி நேர்ந்தால் ஜோன் வேண்டாம், நேராக 12-ஐ இறக்குங்கள்.

சொல்லும் விதம் பற்றி. முந்தின நாள் இரவே, தனித்தனியாக. அணிக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். "உனக்கு 30 நிமிஷம்" என்று சொல்லாமல், எப்போது வெளியே வருகிறார், எப்போது திரும்ப இறங்குகிறார் என்று சொல்லுங்கள். "முதல் குவார்ட்டர்ல ரெண்டு நிமிஷம் இருக்கும்போது எடுப்பேன், அடுத்த குவார்ட்டர்ல ஏழுக்கு நீ உள்ள, கடைசி ஏழு நிமிஷம் உன்னுடையது." திரும்ப இறங்கும் நேரம் தெரிந்தவர் பெஞ்சில் துண்டை வீசி எறிய மாட்டார். அதே போல 6-ஆம் எண்ணுக்கும் தன் நேரம் தெரியும், கடிகாரம் 4:40 காட்டும்போதே கணுக்காலைச் சுழற்ற ஆரம்பித்துவிடுவார். ஆட்டத்தின் போக்கில் மாற்ற வேண்டி வரும், அது சகஜம். ஆனால் முதல் பாதியில் எழுதியபடியே நடத்துங்கள். இரண்டாம் பாதியில் சூடாக ஆடுபவருக்குக் கூடுதலாக இரண்டு மூன்று நிமிடம் என்று வளைக்கலாம்.

கெஸ்ட் ஆட்டக்காரர்களுக்கு நிமிடத்தையோ பாயிண்டையோ வைத்துப் பணம் பேசியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு, ஃபைனல் போனால் இவ்வளவு, ஜெயித்தால் இவ்வளவு. பாயிண்டுக்குப் பணம் என்றால் அவர் பாஸ் கொடுப்பது அவருக்கே நஷ்டம். மாதச் சம்பளக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

நான்கு லீக் ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரு உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள், ஒருவருக்கு 115. முதல் இரண்டு ஆட்டம் இழுபறியாகி 34, 34 ஆடிவிட்டார் என்றால், அடுத்த இரண்டில் அவருக்கு மிச்சம் 47. பலவீனமான அணியோடு ஆடும் நாளில் 17, மற்ற நாளில் 30. இந்த மாதிரி ஒரு நாளில்தான் அந்தக் கடைசி இரண்டு பேருக்கு 8, 10 நிமிடம் வரும். ஆட்டம் முடிந்துபோன கடைசி இரண்டு நிமிடத்தில் இறக்குவதைவிட, இரண்டாவது குவார்ட்டரில் 4-ஐயோ 7-ஐயோ பக்கத்தில் வைத்து நான்கு நிமிடம் கொடுங்கள். ஃபைனலில் ஒருவருக்குக் கால் பிசகினால் அந்த நான்கு நிமிடம் கை கொடுக்கும்.

ஓய்வு நாளில் 29, 30 நிமிடக்காரர்களுக்கு ஓட்டம் வேண்டாம். இருபது நிமிடம் ஷாட் மட்டும், அதுவும் காலை ஏழு மணிக்குள். 20 நிமிடத்துக்குக் கீழே ஆடியவர்களுக்கு அன்று நான்கு பேருக்கு நான்கு பேர், மூன்று நிமிட ஆட்டமாக ஐந்து முறை. அவர்கள் ஆட்ட உடம்போடு இருக்க அதுதான் வழி.

புதுச்சேரி கிளம்புவதற்கு முன் இரண்டு பயிற்சியிலாவது 5, 6, 9, 10, 14 ஐவரை ஒன்றாக நிறுத்தி, கடிகாரத்தில் 3 நிமிடம் ஓடவிட்டு, எதிரே முதல் ஐவரைப் பிரஸ் போடச் சொல்லுங்கள். பந்தை 5 கொண்டுவரட்டும், அடைபட்டால் நடுவில் 9-க்கு, அங்கிருந்து 14-க்கு. எட்டு விநாடிக்குள் அரைக்கோடு தாண்ட வேண்டும். நான்காவது குவார்ட்டர் தொடக்கத்தில் 14-க்குப் பதில் 12 வருவதால், அதையும் ஒருமுறை அதே போல.